தலைவர் மாளிகையின் முப்பது ஜன்னல்கள்

வியாழன், காலை 6.10

ரெயினைக் கப்பலுக்குள் ஏற்றுவார்கள் என்று தங்கச்சி கடிதத்தில் எழுதினபோது நான் நம்பவில்லை. இவள் எனக்குக் கதை விடுகிறாள் என்றுதான் நினைத்தேன். இத்தாலியின் காலடியில், வில்லா சான் ஜோவான்னி என்ற கரையில், எங்கள் வண்டியை மூன்றாகக் கழற்றி, தண்டவாளம் போட்ட கப்பலின் வயிற்றுக்குள் ஒவ்வொன்றாகத் தள்ளி அடுக்கினார்கள். "அட கோதாரி, மெய்தான்!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். எதிர் இருக்கையில் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு கிடந்த மனிசன் துள்ளி எழும்பினார்.

"அக்கா தமிழோ?"

"ஓம். தம்பியும்?"

நாப்போலியிலிருந்து ஆறு மணித்தியாலமாக ஒரே பெட்டிக்குள் இரண்டு பேரும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வந்திருக்கிறோம். அவர் என்னை மொரிஷியஸ்காரி என்று நினைத்தாராம். நான் அவரை வங்காளி என்று நினைத்திருந்தேன். மேல்தட்டுக்கு ஏறிப்போய்க் கோப்பி குடித்தோம், ஒன்று 1,300 லீரே. பேர் அந்தோனி, மன்னார் ஆள். பலெர்மோவுக்குக் கிழக்கே பதினைந்து கிலோமீற்றரில் இருக்கும் பகேரியாவில், பழைய பிரபுக்களின் வில்லா ஒன்றில் தோட்டமும் காவலும் பார்க்கிறார்.

"பலெர்மோவிலை ஆரிட்டைப் போறியள்?"

"தங்கச்சியிட்டை. பிரெசிதெந்தே, சிசிலித் தலைவரின்ர மாளிகையிலை வேலை செய்யிறாள்."

"உள்ளதோ! பேப்பரிலையோ, கறுப்பிலையோ?"

"கறுப்பிலைதான்."

"அப்ப ஓடிப்போய்ச் சொல்லுங்கோ அக்கா. மாதக் கடைசியோடை கதவைச் சாத்துறாங்கள்."

அதைச் சொல்லத்தான் நான் ஸ்ருட்கார்ட்டிலிருந்து இரண்டு இரவு இருந்தபடியே வருகிறேன். வாசிக்கிற உங்களுக்கும் சொல்லவேணும். இந்த வருஷம் இத்தாலி அரசாங்கம், பேப்பர் இல்லாமல் வேலை செய்கிற வெளிநாட்டவர்களுக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. வேலை கொடுத்தவர் 'ஓம், இவர் என்னிடம் வேலை செய்கிறார்' என்று ஒப்பம் வைத்தால் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி கிடைக்கும். என் தங்கச்சி மலருக்கு அந்த ஒரு ஒப்பம் வேணும். அவளுடைய மகள் யாழினிக்கு ஒன்பது வயது. தகப்பன் இல்லாத பிள்ளை, கொழும்பில் மாமி வீட்டில் நிற்கிறாள். ஐந்து வயதில் விட்டுவிட்டு வந்த பிள்ளையை எடுப்பிக்கிறதென்றால் தாயிடம் பெர்மெஸ்ஸோ இருக்கவேணும். இல்லையென்றால் இன்னும் எத்தனை வருஷமோ, ஆருக்குத் தெரியும்?

அந்தோனியின் ஒப்பம் போன கிழமை கிடைத்துவிட்டதாம். "என்ர சிஞ்ஞோரா, வீட்டுக்காரக் கிழவி, மூக்குக் கண்ணாடியைத் தேடுறதுக்கு அரைநாள், ஒப்பம் வைக்க அரை நிமிஷம்" என்று சிரித்தார். பகேரியாவில் இறங்கும்போது தோடம்பழம் இரண்டை என் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

வியாழன், பிற்பகல் 1.20

மெஸ்ஸினாவிலிருந்து பலெர்மோ 230 கிலோமீற்றர், முழுக்கக் கடலோரம். ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற மத்திய நிலையத்தில் இறங்கி, மலர் கீறி அனுப்பின வழிப் படத்தைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு நிமிஷம் நடந்தேன். மலர் இருக்கிற பகுதிக்குப் பேர் அல்பெர்கேரியா. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்கவேண்டிய ஒழுங்கைகள். பல்லாரோ சந்தைக்காரர் போடுகிற சத்தத்தில் என் காது அடைத்துப்போனது. அங்கே கத்தரிக்காய் விற்கிறவனும் சண்டை பிடிக்கிறவனும் ஒரே சுரத்தில்தான் கத்துகிறார்கள். பொரித்த சோற்று உருண்டை ஒன்று 2,000 லீரேக்கு வாங்கித் தின்றேன். உள்ளே இறைச்சி. இன்றைக்கு வெள்ளிக்கிழமை இல்லையே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

சில பல்கனிகளில் மங்கிப்போன வெள்ளைப் படுக்கை விரிப்புகள் தொங்கின. கழுவிக் காயப்போட்டதில்லை. நாலு வருஷத்துக்கு முன் நீதவான்களைக் குண்டு வைத்துக் கொன்றபோது, இந்தச் சனம் 'போதும்' என்று விரிப்புகளில் எழுதித் தொங்கவிட்டதாம். இன்னும் கழற்றாமல் வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்த ஊரை அந்த இடத்திலேயே பிடித்துவிட்டது.

மலர் இருப்பது மூன்றாம் மாடியில், ஒரு அறையும் குசினியும், மாதம் 300,000 லீரே. என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்து அழுதாள், நானும் அழுதேன். பிறகு சோறு போட்டாள். சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன்.

"ஒப்பம் கேட்டனியோ?"

"கேட்டனான்."

"என்னவாம்?"

மலர் கறியைக் கிளறிக்கொண்டிருந்தாள். மாளிகையில் துப்புரவு வேலையை ஒரு கொந்தராத்துக்காரன் எடுத்து நடத்துகிறான். அவன் காட்டுகிற பட்டியலில் நாலு பேரின் பேர் இருக்கிறது. வேலை செய்கிறது ஐந்து பேர். ஐந்தாவது ஆள் மலர். ஒப்பம் வைத்தால் நாலு வருஷமாகக் களவாக வேலை வாங்கினது வெளியே வந்துவிடும்.

"'நீ இஞ்சை வேலை செய்ததை ஆர் கண்டது' எண்டு கேட்டவன், அக்கா. 'அப்பிடி ஒரு ஆளை எனக்குத் தெரியாது' எண்டவன். எனக்கு முன்னாலை நிண்டுகொண்டே சொல்லுறான்."

"நீ என்ன சொன்னனி?"

"நான் என்னத்தைச் சொல்ல? திரும்பிப் போய்ப் படியைத் துடைச்சன்."

எங்கள் மலர் சின்னனிலிருந்தே இப்படித்தான். ஆர் என்ன சொன்னாலும் ஓம் சொல்லிவிட்டு, பேந்து தனியப் போயிருந்து அழுவாள். எனக்கு வாய், அவளுக்குக் கண்ணீர் என்று கடவுள் பிரித்துக் கொடுத்திருக்கிறார்.

வெள்ளி, காலை 5.00

வேலைக்குப் போகிற அவளோடு நானும் நடந்தேன். மாளிகை பழைய நகரத்தின் மதிலுக்கு வெளியே, பெரிய தோட்டத்துக்குள் இருக்கிறது. பேரை நான் இங்கே எழுதமாட்டேன். அங்கே இன்னும் மலர் வேலை செய்கிறாள். வாசலில் துவக்கோடு இராணுவம். நான் நின்றுவிட்டேன். பத்து வருஷம் ஜேர்மனியில் இருந்தாலும் பச்சைச் சட்டையைக் கண்டால் என் கை தன்பாட்டில் அடையாள அட்டையைத் தேடுகிறது.

"பயப்பிடாதைங்கோ அக்கா. குண்டு வைச்ச காலத்திலை காவலுக்கெண்டு விட்டவை. பால்குடிப் பெடியள். 'போன்ஜோர்னோ' சொல்லுவினம்."

சொன்னார்கள்தான். ஒரு பெடியன் கொட்டாவியும் விட்டான்.

மலர் பக்கத்துப் படலையால், வாகனம் விடுகிற கொட்டிலைத் தாண்டி உள்ளே போனாள். நான் சதுக்கத்து வாங்கில் குந்தியிருந்து, கடை திறந்ததும் 3,000 லீரேக்கு ஒரு சின்னப் புத்தகம் வாங்கினேன். ஆங்கிலம் பாதி விளங்கியது, மிச்சத்தைப் பிறகு மலர் சொன்னாள். முதலில் ஒரு பிரபு தோட்டத்தோடு கட்டின வீடு. பிறகு இதில் ஒரு பிரெஞ்சு இளவரசன் இருந்திருக்கிறான். அவன் நாட்டில் புரட்சி வந்து தகப்பனின் தலையை வெட்டிவிட்டார்கள். இவன் தப்பி ஓடி, நாடு நாடாக அலைந்து, கடைசியில் பலெர்மோவுக்கு வந்து அரசனுடைய மகளைக் கட்டிக்கொண்டான். வீட்டையும் கொடுத்தார்கள், தோட்டத்தையும் கொடுத்தார்கள். பிற்காலத்தில் தன் நாட்டுக்குத் திரும்பிப்போய் ராசாவாகி, அங்கேயிருந்தும் திரும்பத் துரத்தப்பட்டு, அந்நிய மண்ணில் செத்தான். போன பெரிய யுத்தத்தில் எதிரி நாட்டுச் சொத்து என்று இத்தாலி இந்த வீட்டைப் பறித்தது. பிறகு சிசிலித் தலைவரின் இருப்பிடமாயிற்று.

விளங்குகிறதோ? அகதி! எங்களைப் போல ஓடிவந்தவன். அவனை ஒருத்தரும் நம்பர் எடுத்து வரிசையில் நில் என்று சொல்லவில்லை.

இன்னொன்றும் எழுதவேணும். சிசிலிக்கு இத்தாலிக்குள்ளேயே தனிச் சட்டசபை இருக்கிறது, தனித் தலைவர் இருக்கிறார். இந்தத் தீவுச் சனத்துக்கு அவர்தான் பிரெசிதெந்தே. நாடு துண்டாகவும் இல்லை, வானம் இடிந்து விழவும் இல்லை. எங்கள் ஆட்கள் கேட்டுக் கேட்டுத் தொண்டை வரண்டது இப்படி ஒன்றுக்குத்தான். வாங்கில் இருந்து அந்த மாளிகையைப் பார்க்க எனக்குப் பொறாமையாகவே இருந்தது, ஒளிப்பானேன்?

சனி, காலை 9.30

மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாளிகையின் வரவேற்பு அறைகளைச் சனம் இலவசமாகப் பார்க்கலாம், இருபது இருபது பேராக. அன்றைக்குத் துப்புரவு ஆட்கள் கண்ணில் படக்கூடாதாம், லீவு. "நீயும் வாறாய்" என்றேன் மலரிடம். "நல்ல சீலையை எடுத்து உடு."

"விசரே அக்கா உங்களுக்கு? என்னைக் கண்டால் வேலையாலை நிப்பாட்டிப்போடுவான்."

"நீ அங்கை வேலையே செய்யேல்லை எண்டுதானே சொல்லுறான்? இல்லாத ஆளை எப்பிடியடி நிப்பாட்டுறது?"

அவள் கட்டிலுக்குக் கீழே இருந்த சூட்கேஸை இழுத்தாள்.

மயில்கழுத்து நிறத்தில் அவளும் மஞ்சளில் நானும் முன்வாசலுக்குப் போனோம். காவலாளி கிழவன், மலரைக் கண்டதும், "மரியா! பிழையான வாசலாலை வந்திட்டாயே" என்றான். அங்கே எல்லாரும் அவளை மரியா என்றுதான் கூப்பிடுகிறார்கள், ஆரோ முதல் நாள் வைத்த பேர். என்னுடைய ஜேர்மன் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் கிழவனின் முகம் மலர்ந்துபோனது. ஸ்ருட்கார்ட்டில் கார்த் தொழிற்சாலையில் பதினொரு வருஷம் வேலை செய்தவனாம். நல்ல ஜேர்மன் கதைத்தான். "அங்கே எங்களை எப்படி நடத்தினார்கள் தெரியுமோ?" என்று கேட்டான். "தெரியும், இப்ப எங்களையும் அப்படித்தான் நடத்துகிறார்கள்" என்றேன். சிரித்துக்கொண்டே இரண்டு பேரையும் உள்ளே விட்டான்.

கீழ்த்தளத்து அறைகளின் ஜன்னல்கள் மொட்டையாக இருந்தன, திரைச்சீலைகளைக் கழுவக் கழற்றியிருந்தார்கள். மேல்தளத்துக்குச் சலவைக்கல் படி. மலர் அந்தப் படியைத் தினமும் துடைக்கிறாள், ஆனால் செருப்போடு ஏறினது அன்றைக்குத்தான். கூச்சத்தில் நடுப்படியில் நின்றுவிட்டாள். "ஏறு" என்று முதுகில் கை வைத்தேன்.

வழிகாட்டி, கழுத்தில் சால்வை சுற்றின இளம் பெண், ஓவியம் ஓவியமாக விளக்கிக்கொண்டு போனாள். என் காதுக்குள் மலர் வேறொரு மாளிகையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். கண்ணாடி விளக்கை வருஷத்துக்கு இரண்டு தரம் கப்பி கட்டி இறக்குவார்கள், குமிழ் குமிழாகக் கழற்றி வினாகிரித் தண்ணீரில் துடைக்கவேணும். பெரிய மணிக்கூடு ஓடுவதில்லை, ஆனால் தூசி தட்டாவிட்டால் ஏச்சு விழும். முந்தின தலைவர் ஒருவர் சுருட்டுச் சாம்பலைப் பூச்சாடியில் தட்டுவார். இன்னொருவர் காலை ஆறரைக்கே வந்து ஜன்னலைத் திறந்து தனிய நின்று பாட்டுப் படிப்பார், இவளைக் கண்டால் மட்டும் நிப்பாட்டுவார்.

"நான் வந்த பிறகு எத்தினை பிரெசிதெந்தே மாறிட்டினம் அக்கா. திரைச்சீலை மாறேல்லை."

அப்போது வழிகாட்டி நீல அறையின் திரைகளைக் காட்டினாள். கனத்த பட்டு, கூரையிலிருந்து நிலம்வரை. அவள் சொல்லச் சொல்ல மலரின் முகம் ஒரு மாதிரிப் போனது.

"என்னவாம்?"

"ஒவ்வொரு வருஷமும் ஃபிரென்ஸே நகரத்திலையிருந்து விசேஷமாப் படிச்ச ஆக்கள் வந்து கழற்றிக் கழுவிக் கொழுவுறவையாம்." கொடுப்புக்குள் சிரித்தாள். "அது நான், அக்கா. நாலு வருஷமா நான்தான்."

நான் ஸ்ருட்கார்ட்டில் ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறவள். துணியைக் கண்டால் என் கை முதலில் ஓரத்தைத்தான் புரட்டும், எந்த வார்ட்டின் விரிப்பு என்று இலக்கம் அங்கேதான் இருக்கும். அந்தப் பழக்கத்தில், கயிற்றுத் தடுப்பைத் தாண்டி, பட்டுத் திரையின் ஓரத்தைப் புரட்டினேன். உள்மடிப்பில் சிவப்பு நூலால் தைத்திருந்தது: இ.

"மலர்! இதென்னடி?"

"அதோ? வீடு பழசு, ஒரு ஜன்னலும் மற்ற ஜன்னல் அளவு இல்லை. கழற்றினால் எது எங்கையெண்டு தெரியாது. அதாலை மேல்தளத்துப் பன்னிரண்டுக்கும் உயிரெழுத்து, கீழ்த்தளத்துப் பதினெட்டுக்கும் மெய்யெழுத்து. இடப்பக்கச் சீலைக்கு ஒரு முடிச்சு, வலப்பக்கத்துக்கு ரெண்டு. குசினி ஜன்னல் இந்தக் கணக்கிலை இல்லை, அதுக்கு ஆய்த எழுத்து." பிறகு, குற்றம் செய்த பிள்ளைபோல, "வேறை எந்த எழுத்திலை நான் போடுறது?" என்றாள்.

எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. ஆர் கண்டது என்று கேட்டானே! சிசிலித் தலைவரின் மாளிகையில் அகர வரிசையைத் தைத்து வைத்திருக்கிறாள் என் தங்கச்சி, அதைவிட வேறென்ன சாட்சி வேணும்? அந்த இடத்தில் நின்று நான் போட்ட சத்தத்தில் இருபது பேரும் திரும்பினார்கள். வழிகாட்டி தொடாதே தொடாதே என்று ஓடிவந்தாள். "பொறுப்பான ஆளைக் கூப்பிடு" என்று ஜேர்மனில் கத்தினேன். கீழேயிருந்து கிழவன் மேலே வந்தான், மொழிபெயர்க்க அவனுக்குக் கொள்ளை ஆசை.

வந்தது மாளிகையின் பொறுப்புக்காரி. சாம்பல் நிற உடுப்பு, இடுப்பில் திறப்புக் கோர்வை, சிரிக்காத முகம். பெண்தானே, மனம் இளகிவிட்டாள் என்று நினைக்கவேண்டாம். "எனக்கு வந்த பட்டியலில் நாலு பேர்" என்றாள். "இவளைக் காலையில் கண்டிருக்கிறேன். ஆருக்கோ பதிலுக்கு வருகிறவள் என்று நினைத்தேன். ஒப்பம் வைக்கவேண்டியது நான் இல்லை, அவன்." ஆனால் ஒவ்வொரு ஜன்னலாகப் போய் அந்த மனிசி ஓரத்தைப் புரட்டினாள். அ, ஆ, இ, ஈ. பன்னிரண்டையும் பார்த்து முடித்துவிட்டு, "திங்கள் ஒன்பது மணி. அவனையும் வரச் சொல்கிறேன்" என்றாள்.

அன்றைக்கு முழுக்க மலர் என்னோடு கதைக்கவில்லை. "வேலையும் போச்சு, இனி ஒப்பமும் இல்லை, உங்களுக்கென்ன, நீங்கள் போயிடுவியள்" என்று ஒரு தரம் சொன்னாள். அது உண்மைதான்.

திங்கள், காலை 9.00

கீழ்த்தளத்துப் பெரிய அறையில் கழுவி மடித்த முப்பத்தாறு சீலைகள் குவியலாகக் கிடந்தன. கொந்தராத்துக்காரன் தோல் சட்டையும் வாசனைத் தைலமுமாக வந்தான். பட்டியலில் உள்ள நாலு பேரும் சுவரோரம் நின்றார்கள், சிசிலிக்காரர், பாவங்கள், தங்கள் வேலைக்குப் பயந்த முகங்கள். வெளியே கிழவன் ஏதோ துடைக்கிற சாட்டில் நின்றான்.

இந்தப் பொம்பிளையை நான் வாழ்க்கையில் கண்டதில்லை என்றான் கொந்தராத்துக்காரன். எழுத்துகளோ? அது துணி நெய்த இடத்தில் போட்ட குறியாக இருக்கும் என்றான். அறையவேணும்போல எனக்குக் கை துறுதுறுத்தது. பொறுப்புக்காரி ஒன்றும் வாதாடவில்லை.

"நல்லது. நாளைக்கு வெளிநாட்டு விருந்தாளிகள் வருகிறார்கள். உன்னுடைய நாலு பேரையும் கொண்டு இந்தத் திரைகளைக் கொழுவு. மதியத்துக்குள் முடியவேணும்."

தொடங்கினார்கள். ஏணி வந்தது, கொழுக்கி வந்தது. முதல் சீலை நிலத்தில் ஒரு முழம் இழுபட்டது. அடுத்தது முழங்கால் மட்டத்தில் பாவாடையாகத் தொங்கியது. கழற்றி மாற்றினார்கள். மாற்றினது அதைவிட மோசம். சோடி மாறி, ஒரு ஜன்னலில் ஒரு பக்கம் நீளம், மற்றப் பக்கம் கட்டை. பீனா என்ற பருத்த பெண், மலரோடு நாலு வருஷம் வாளி தூக்கினவள், ஏணியில் நின்றபடி மலரைப் பார்த்துக் கண்ணடித்தாள். அவள் வேண்டுமென்றே பிழையாகக் கொழுவினாளோ என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். கொந்தராத்துக்காரன் ஏசினான், தானே ஏணியில் ஏறினான், தைலமெல்லாம் வேர்வையாக வழிந்தது. பதினொரு மணியாகியும் பதினெட்டு ஜன்னலில் ஒன்றுகூடச் சரிவரவில்லை.

மலர் கைகளைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். பிழையாகத் தொங்குகிற துணியைக் கண்டால் அவளால் பொறுக்கமுடியாது, எனக்குத் தெரியும். ஆனால் அசையவில்லை.

பொறுப்புக்காரி மணிக்கூட்டைப் பார்த்தாள். "மரியா, தயவுசெய்து."

மலர் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்க முதல் அவளே இத்தாலியனில் சொல்லத் தொடங்கிவிட்டாள். பிறகு வீட்டில் வைத்து அதைத் தமிழில் எனக்குச் சொல்லிக் காட்டினாள்.

"என்ர பேர் மரியா இல்லை. சிவமலர். நான் இஞ்சை வேலை செய்யேல்லை எண்டு இவர் சொல்லுறார். வேலை செய்யாத ஆள் எப்பிடித் திரை கொழுவுறது? பேப்பரிலை என்ர பேரை எழுதி ஒப்பம் வைக்கச் சொல்லுங்கோ. வைச்சால் ஒரு மணித்தியாலத்திலை முடிச்சுத் தாறன்."

கொந்தராத்துக்காரன் சிரித்துப் பார்த்தான். ஒருத்தரும் கூடச் சிரிக்கவில்லை. போன மாதத்திலிருந்து வேலை என்று எழுதலாம் என்றான். "நாலு வருஷம்" என்றாள் மலர். ஆறு மாதம் என்றான். "நாலு வருஷம். ரெண்டாம் வருஷம் வெளிறிப்போன நூலை மாத்தித் தைச்சனான், வேணுமெண்டால் புரட்டிப் பாருங்கோ." பொறுப்புக்காரி தன் பேனையை எடுத்து அவனிடம் நீட்டினாள். நாளைக்கு விருந்தாளிகள் என்று மட்டும் சொன்னாள்.

ஜன்னல் கட்டில் வைத்து ஒப்பம் போட்டான். மலர் பேரை எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொடுத்தாள், பிழை விட்ட இடத்தில் வெட்டி எழுதுவித்தாள். தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துவிட்டு, ஏணியைப் பிடிக்கச் சொல்லிப் பீனாவுக்குக் கட்டளை போட்டாள்.

"அக்கா, ங எங்கை? ஒரு முடிச்சு உள்ளது. எடுங்கோ கெதியா!"

சிசிலித் தலைவரின் மாளிகையில் குவியலுக்குள் முழங்காலில் இருந்து நான் ஙவும் ஞவும் தேடினேன். தமிழில் அந்த இரண்டு எழுத்துக்கும் இவ்வளவு வேலை வந்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை. பன்னிரண்டு பத்துக்குக் கடைசிச் சீலை ஏறிற்று. எல்லாம் நிலத்துக்கு ஒரு விரல் மேலே, ஒரே கோட்டில் நின்றன.

செவ்வாய், காலை 6.00

குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்துக்கு முன்னால் வரிசை சதுக்கத்தைச் சுற்றி நின்றது. மொரோக்கோ, கானா, பிலிப்பைன்ஸ், எங்கள் ஆட்கள். மலருக்குக் கிடைத்த நம்பர் 143. பின்னால் சனம் நின்ற நிலையைப் பார்த்தால், இடம் பறிபோனால் அன்றைக்கு உள்ளே போகமுடியாது. மாதக் கடைசிக்கு மிச்சம் இரண்டு நாள்.

எனக்கு ரெயின் 10.05க்கு. ஒன்பதே கால் மட்டும் அவளோடு நின்றேன். அப்போது கூப்பிட்ட நம்பர் 61. ஸ்தாசியோனே நடக்கிற தூரம்தான். இத்தனை வருஷத்துக்குப் பிறகு கண்ட தங்கச்சி, இனி எப்போது காண்பேனோ. என் வாய் சும்மா இருக்கவில்லை, வீட்டில் எல்லாரும் அவளிடம் கேட்டுப் பழகின மாதிரிக் கேட்டுவிட்டேன்.

"மலர், ஸ்தாசியோனே மட்டும் வாவன். இன்னும் எண்பது நம்பர் இருக்குத்தானே. ரெயின் ஏத்திவிட்டிட்டு ஓடி வரலாம்."

எப்போதும் அவள் ஓம் என்றுதான் சொல்லுவாள். அன்றைக்கு என் கையை இரண்டு கையாலும் பிடித்தாள். கண் கலங்கித்தான் இருந்தது.

"இல்லை அக்கா. நான் வரேல்லை. நீங்கள் போங்கோ."

நெஞ்சில் சுருக்கென்றது. அடுத்த கணம் சந்தோஷமாகவும் இருந்தது, அதையும் எழுதத்தான் வேணும். சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். சதுக்கத்தின் முடக்கில் நின்று, கையைக் காட்டுவோம் என்று திரும்பினேன்.

மலர் என்னைப் பார்க்கவில்லை. கோட்டுப் போட்ட உயரமான மனிசன் ஒருவன், வரிசையில் அவளுக்கு முன்னால் நைசாக நுழையப் பார்த்திருக்கிறான். அவள் ஒரு கையால் சட்டைக்குள் இருந்த தாளைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை நீட்டி அவனுக்கு வரிசையின் கடைசியைக் காட்டி, பல்லாரோச் சந்தையே கேட்கிற மாதிரிச் சிசிலியனில் கத்திக்கொண்டிருந்தாள்.